பிளக் நனைந்ததா, காய்ந்ததா?

பழுது பார்க்கத் தெரியாதவனால் வண்டிக்கு ஆபத்து இல்லை. மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பேப்பர் படிப்பான். பழுதைப் பற்றிப் பேசத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். நான் அந்த ரகம். காயில், கண்டன்சர், பாயிண்ட், ஏசி பம்ப் எல்லாம் வாயில் தங்குதடையில்லாமல் வரும். கைதான் வராது. ஜீப்பின் நட்டுகள் அங்குலக் கணக்கு, என்னிடம் இருந்த ஸ்பேனர் செட் மில்லிமீட்டர் கணக்கு என்பதையே நாலைந்து நட்டுகளின் மூலைகளை வழித்து உருண்டையாக்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன். அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஸ்பேனர் விற்ற கடைக்காரர் சொன்னார்.

என்னிடம் இருப்பது மகிந்திராவின் பழைய பெட்ரோல் ஜீப். சித்தப்பா திருவண்ணாமலைப் பக்கம் நிலத்தில் உர மூட்டையும் வைக்கோலும் ஏற்றி, பின்னால் டிரெய்லரும் கட்டி இழுத்த வண்டி. அவர் பிள்ளைகள் யாரும் வேண்டாம் என்று சொன்னதால் சென்னை நந்தனத்துக்கு, என்னிடம் வந்து சேர்ந்தது. வில்லிஸ் கம்பெனி 1953இல் அமெரிக்காவில் கொண்டுவந்த சி.ஜே. 3பி மாடல். மூக்கு தூக்கலாக இருக்கும். உள்ளே இருக்கும் ஹரிகேன் இஞ்சின் பழைய இஞ்சினைவிட உயரம் என்பதால் பானட்டை உயர்த்திவிட்டார்கள். நான்கு சிலிண்டர், 2,199 சி.சி. பெட்ரோல் புகை உள்ளே போகும் வால்வு தலையில், எரிந்த புகை வெளியே போகும் வால்வு பிளாக்கில் என்று ஒரு விசித்திரமான ஏற்பாடு. 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, அமெரிக்காவில் இந்த மாடல் நின்ற பிறகும் இங்கே பல காலம் செய்துகொண்டிருந்தது. பெரும்பாலான பெட்ரோல் ஜீப்புகளில் பிற்பாடு டீசல் இஞ்சினை மாற்றி வைத்துவிட்டார்கள். என்னுடையது தப்பியது. இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்வேன். வண்டி நடுரோட்டில் நின்றிருக்கும்போது இன்னும் விரிவாகச் சொல்வேன். அப்போதுதான் நேரம் இருக்கும்.

முதலில் வந்த கோளாறு ஐட்லிங். ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆட்டம் தொடங்கும். ஸ்டியரிங் ஆடும், கியர் கம்பி ஆடும், கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் இரண்டாகத் தெரியும். நந்தனம் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், வண்டி பயப்படுது" என்றார்.

ஆட்டத்தை நிறுத்த நான் கண்ட வழி, கார்ப்பரேட்டரில் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவிடுவது. ஆட்டம் குறைந்தது. அதற்குப் பதிலாக, சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இஞ்சின் ஓடத் தொடங்கியது. ஒரு கல்யாண மண்டப வாசலில், மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, சாவியைக் கையில் பிடித்தபடி நான் நிற்கிறேன். வண்டி யாரையும் கேட்காமல் இருமிக்கொண்டும் உதறிக்கொண்டும் ஓடுகிறது. ஐட்லிங் வேகம் அதிகம் இருந்தால், சிலிண்டருக்குள் சிவக்கச் சிவக்கச் சூடேறிக் கிடக்கும் கரியே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், பிளக்கின் தயவு தேவையில்லை. இது பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் சொன்ன விளக்கம்: "மிலிட்டரிப் பரம்பரை, சட்டென்று நிற்காது."

ஸ்குரூ உதவவில்லை என்றதும் கார்ப்பரேட்டரையே கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை, ஹவுசிங் போர்டு குடியிருப்பின் வேப்ப மரத்தடி, கீழே விரித்த பழைய நியூஸ் பேப்பர், சுற்றி வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். ஜெட்டுகளைப் பெட்ரோலில் கழுவி ஊதினேன். மிக்ஸர் ஸ்குரூவைக் கழற்றும்போது எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ண மறந்தேன். கார்ப்பரேட்டருக்கு அடியில் தடித்த கறுப்பு பேக்கிங் ஒன்று இருந்தது. ஓரத்தில் விரிசல். பழசு, அசிங்கம் என்று தூக்கிப் போட்டுவிட்டு, கேஸ்கெட் ஷீட்டில் மெல்லியதாக ஒன்றை வெட்டி வைத்தேன். கத்தரிக்கோல் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது. அது இன்றுவரை துணி வெட்டுவதில்லை. எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. ஐட்லிங்கில் ஆடவும் செய்தது. பிள்ளைகள் கைதட்டியதால் ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் இரண்டாவது கோளாறு. காலையில் செல்ஃபைத் தொட்டதும் எடுக்கும். ஓட்டிப் போய், கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் எடுக்காது. வெங்கடநாராயணா ரோட்டில் திருப்பதி தேவஸ்தானக் கோயிலுக்கு எதிரே ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை இதை முழுமையாக அனுபவித்தேன். தரிசனம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அதுதான் வினை. வரிசை நீளமாக இருந்திருந்தால் இஞ்சின் ஆறியிருக்கும். செல்ஃப் அடிக்கிறேன், இஞ்சின் சுற்றுகிறது, பற்ற மாட்டேன் என்கிறது. ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தேன். சோக்கை இழுத்தேன். பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பின்னால் ஹாரன். "பெருமாளே" என்றாள் மனைவி. கோயிலைப் பார்த்துச் சொன்னாளா, என்னைப் பார்த்துச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

நந்தனத்தில் தரைக்கு அடியில் 2018 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. தரைக்கு மேலே நான் நிற்கத் தொடங்கினேன். பெட்ரோல் பங்கில் நின்றேன், சேமியர்ஸ் ரோட்டில் நின்றேன், ஒய்.எம்.சி.ஏ. வாசலில் நின்றேன். கடைசியாகச் சொன்ன இடத்தில் ஒரு வசதி உண்டு. அங்கே இருப்பது ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி. பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கித் தரும் இடம். ஷார்ட்ஸ் போட்ட பையன்கள் வந்து, "தள்ளணுமா சார்?" என்று கேட்பார்கள். தள்ளினால் எடுத்துவிடும். உடனே எனக்கு ஞானம் பிறந்தது: தள்ளினால் எடுக்கிறது, செல்ஃபில் எடுக்கவில்லை, ஆகவே குற்றவாளி செல்ஃப் மோட்டார். கழற்றிக் கொடுத்து ரீவைண்டிங் செய்தேன். இப்போது எடுக்காத வண்டி முன்னைவிட வேகமாகச் சுற்றிவிட்டு எடுக்காமல் இருந்தது.

அடுத்து என் சித்தாந்தக் காலம். பழைய இஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் நின்றுபோனது. என் ஜீப் அந்தத் துக்கத்தில் இருக்கிறது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈயம் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது உண்மை. ஆனால் மதியம் 12 மணிக்கு எடுக்காமல் 1 மணிக்கு எடுக்கும் வண்டிக்கும் ஈயத்துக்கும் சம்பந்தமில்லை. பிறகு எத்தனால் மேல் பாய்ந்தேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்தது முதல் பழைய வண்டி வைத்திருப்பவன் எவனும் தன் கையைக் குற்றம் சொல்வதில்லை. நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

சித்தாந்தம் அலுத்ததும் ஜி.பி. ரோட்டுக்குப் போகத் தொடங்கினேன். அண்ணா சாலையிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் கிடைக்காத உதிரிபாகம் அபூர்வம். அங்கேயும் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். காயில் வாங்கினேன். கண்டன்சர் வாங்கினேன். பெட்ரோலை உந்தும் ஏசி பம்ப் வாங்கினேன். "ஒரிஜினலா சார், டூப்ளிகேட்டா?" என்று கடைக்காரர் கேட்கும்போது நிமிர்ந்து "ஒரிஜினல்" என்று சொல்வதில் ஒரு கம்பீரம் இருந்தது. தவறான சாமான் என்றாலும் அசல் சாமான்.

ஒவ்வொன்றையும் மாட்டிய நேரம் காலை ஆறு மணி. வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற கெட்டிக்காரத்தனம். மாட்டிவிட்டுச் செல்ஃப் அடிப்பேன், முதல் சுற்றிலேயே எடுக்கும். "காயில்தான், நான் சொல்லவில்லை?" என்று காபி குடித்தபடி வீட்டில் அறிவிப்பேன். இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டி புதுக் காயில் இல்லாமலே அந்த நேரத்தில் எடுக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சூட்டில் மட்டும் வரும் குறையைக் குளிர்ச்சியில் சரிசெய்து, குளிர்ச்சியிலேயே சோதித்து, குளிர்ச்சியிலேயே வெற்றியும் கொண்டாடினேன். மதியம் ஆனதும் புதுக் காயிலோடு நடுரோட்டில் நின்றேன்.

நடுவில் ஒரு ஈரத்துணிச் சம்பவமும் உண்டு. மலை ஏறும் பழைய அம்பாசடர்களில் டிரைவர்கள் ஏசி பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். பம்ப் சூடாகி உள்ளே பெட்ரோல் ஆவியானால், பம்ப் ஆவியை உந்தப் பார்த்துத் தோற்றுப்போகும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். துணி அதற்கு வைத்தியம். துணி தேடச் சோம்பல்பட்டு நான் பாட்டில் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். என் ஜீப்பில் பம்புக்குப் பக்கத்திலேயே புகை வெளியேறும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் இருக்கிறது. புஸ்ஸென்று எழுந்த ஆவியைப் பார்த்து டீக்கடைக்காரர் மணல் வாளியோடு ஓடிவந்தார். வாளி காலியாவதற்குள் தடுத்தேன் என்பதே அன்றைய ஒரே சாதனை. சுடுகின்ற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். விடாமல் இருந்தது சித்தப்பாவின் புண்ணியம்.

மேல்மாடிப் பையன் ஒருவன், இஞ்சினியர், உதவிக்கு வந்தான். கார்களின் கம்ப்யூட்டரைப் படித்து என்ன கோளாறு என்று செல்போனில் சொல்லும் கருவி அவனிடம் இருந்தது. அதைச் செருகும் இடத்தைத் தேடி டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தவழ்ந்தான். "அங்கிள், இதில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கு?" என்றான். "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். அவன் சிரித்திருக்க மாட்டான்.

கடைசியில் சைதாப்பேட்டையில் ஒரு சந்தில் ஷெட் வைத்திருக்கும் வயதான பாயிடம் போனேன். பழைய ஜீப் என்றால் அவர்தான் என்று சொன்னார்கள். கதை முழுவதையும் சொன்னேன். ஈயம், எத்தனால், 1953, எதையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"எப்ப எடுக்க மாட்டேங்குது?"

"சூட்டில், பாய்."

"இப்ப சூடா இருக்கா?"

"இல்லை. காலையில்தானே எடுத்து வந்தேன். பக்கம்தான்."

"அப்ப எதுக்கு சார் கொண்டாந்தீங்க?"

மதியம் வரச் சொன்னார். நேராக வராமல் கிண்டி, வேளச்சேரி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வரச் சொன்னார். போனேன். நிறுத்தச் சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பானட்டைத் திறக்கவில்லை. டீயை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். எடுக்கவில்லை. பழக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"ஏன் மிதிக்கிறீங்க?"

"பெட்ரோல் வரட்டும் என்று."

"வரலைன்னு யார் சொன்னது?"

ஒரு பிளக்கைத் துணி வைத்துப் பிடித்துக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நனைஞ்சிருக்கா, காஞ்சிருக்கா?"

நனைந்திருந்தது. முகர்ந்தால் பெட்ரோல். வேறொரு பிளக்கை வயரில் மாட்டி, ஓட்டையிலிருந்து தள்ளி இஞ்சின் உடம்பில் படும்படி பிடித்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலப் பொறி சடசடவென்று விழுந்தது. அவ்வளவுதான் பரிசோதனை. பொறி இருக்கிறது, ஆகவே காயில், கண்டன்சர், பாயிண்ட் மூன்றும் நிரபராதிகள். பெட்ரோல் வருகிறது, ஆகவே பம்ப் நிரபராதி. இஞ்சின் சுற்றுகிறது, ஆகவே செல்ஃப் நிரபராதி. நான் மாற்றிய அத்தனையையும் ஒரு டீ ஆறும் நேரத்தில் விடுதலை செய்துவிட்டார். பெட்ரோல் வராமல் போகவில்லை, அளவுக்கு மேல் வந்திருக்கிறது. பிளக் காய்ந்திருந்தால் பம்பையும் குழாயையும் சந்தேகிக்கலாம். நனைந்திருந்தால் கார்ப்பரேட்டரைத்தான் பார்க்க வேண்டும். இதை நான் முதல் நாளே, வெங்கடநாராயணா ரோட்டிலேயே, ஒரு பிளக் ஸ்பேனரும் கைக்குட்டையும் இருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம்.

நடந்தது இதுதான். இஞ்சின் ஓடும்வரை ரேடியேட்டர் தண்ணீரும் ஃபேன் காற்றும் சூட்டை வாரிக்கொண்டு போகும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், சூடு நிற்காது. அது மேலே ஏறும். ஹரிகேன் இஞ்சினில் கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருப்பது நேராகச் சிலிண்டர் தலையின் மேல். பெட்ரோல் ஒரே கொதிநிலை உள்ள பொருள் அல்ல. அதில் இருக்கும் லேசான பங்கு 40 டிகிரிப் பக்கமே ஆவியாகத் தொடங்கிவிடும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். நிறுத்திய வண்டியின் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், அடுப்பில் கவனிக்காமல் விட்ட பாலாகப் பொங்கி, ஜெட் வழியாக உள்ளே வழிந்துவிடும். அதற்கு மேல் நான் ஆக்சிலேட்டரை மிதித்தது ஒவ்வொரு மிதிக்கும் இன்னொரு பீச்சு. சோக்கை இழுத்தது, இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றையும் அடைத்தது. "மிதிக்காதீங்க. அடிவரைக்கும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் செல்ஃப் அடிங்க, காத்து போய்த் துடைச்சிரும்" என்றார். அடித்தேன். கரும்புகை ஒரு கட்டு வெளியே வந்தது, எடுத்தது. தள்ளும்போது எடுத்ததும் இதனால்தான். செல்ஃபைவிட வேகமாகச் சுற்றி அந்தப் பையன்கள் காற்றடித்திருக்கிறார்கள்.

"பெட்ரோல் மேல பழி போடாதீங்க சார், அதுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே கார்ப்பரேட்டருக்கு அடியில் விரலை ஓட்டினார். முகம் மாறியது. "இங்க தடிசா ஒரு பேக்கிங் இருக்கணுமே. சூடு மேல ஏறாம தடுக்கிறதே அதுதான். பேப்பர் மாதிரி இதை எந்தக் கை வெட்டிச்சு?"

"முன்னாடி ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன்" என்றேன்.

"அந்த ஆளுகிட்ட இனிமே போகாதீங்க சார்."

"போக மாட்டேன் பாய்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆக, ஐட்லிங்குக்கு வைத்தியம் பார்க்கப் போய் சூட்டில் எடுக்காத கோளாறை என் கையாலேயே செய்து மாட்டியிருக்கிறேன். அப்படியானால் ஐட்லிங்குக்கு என்ன காரணம்? தடித்த பேக்கிங் வைத்த பிறகு பாய் இஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கார்ப்பரேட்டரை விட்டுவிட்டு, விண்ட்ஷீல்டு பக்கம் போகும் ஒரு ரப்பர் குழாயை இரண்டு விரலால் நசுக்கினார். ஆட்டம் நின்றது. விரலை எடுத்தார், ஆடியது. நசுக்கினார், நின்றது.

இந்த ஜீப்பில் வைப்பர் ஓடுவது மின்சாரத்தில் அல்ல, இஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுப்பில். அந்தக் குழாய் வெடித்திருந்தது. இஞ்சின் அதன் வழியாக வெளிக்காற்றை உறிஞ்ச, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கணக்கு கெட்டிருக்கிறது. வேகமாக ஓடும்போது உள்ளே போகும் காற்று அதிகம், ஓட்டைக் காற்று பெரிதாகத் தெரியாது. ஐட்லிங்கில் காற்றே கொஞ்சம், அப்போது அது ஆளையே ஆட்டிவிடும். மழை பெய்தால் நான் ஜீப்பை வெளியே எடுப்பதில்லை என்பதால் வைப்பர் வேலை செய்கிறதா என்று பார்த்ததே இல்லை. காயிலையும் பம்பையும் செல்ஃபையும் மாற்றியவன், ஒரு முழம் ரப்பர் குழாயைத் தொட்டதில்லை. குழாயின் விலையைக் கேட்காதீர்கள். காயில் வாங்கப் போன ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

பிளக் நனைந்ததா, காய்ந்ததா என்று பாய் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அறிவு போதவில்லை என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். ஆனால் நனைந்த பிளக்கைப் பற்றி நான் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்கு எடுத்தும் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் வெட்கம். வண்டி நிற்கும்போது சுற்றிலும் ஜனம் இருக்கும். பானட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றினால், எனக்கு என்ன கோளாறு என்று தெரியவில்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, யாரிடமோ முக்கியமாகப் பேசுகிறவனாகச் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வேன். எதிர்முனையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஜனம் கலைவதற்கும் இஞ்சின் ஆறுவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கும். பிறகு செல்ஃப் அடித்தால் எடுத்துவிடும். கோளாறு கையில் சிக்கியிருக்கும் நேரம் முழுவதும் போனில் நடித்துவிட்டு, அது தப்பித்துப் போன பிறகு ஜி.பி. ரோட்டில் தேடியிருக்கிறேன். சாமான் வாங்குவதில் வெட்கம் இல்லை, பில்லோடு வெளியே வருகிறவனை எல்லாம் தெரிந்தவன் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனபோதே, "வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று மனைவி சொன்னாள். இப்போது பரண் மேல் இருக்கும் அட்டைப்பெட்டியைக் காட்டி அதையே சொல்கிறாள். அதில் குற்றம் எதுவும் செய்யாமல் கழற்றப்பட்ட காயில், கண்டன்சர், ஏசி பம்ப் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது வந்தால் இலவசமாகவே கொடுத்துவிடுவேன். ஒரே நிபந்தனை. காலை ஆறு மணிக்கு வரக்கூடாது. மதியம், வண்டி நின்றுபோன கையோடு, பிளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வர வேண்டும். அது நனைந்திருந்தால் சாமான் கிடையாது, டீ மட்டும்தான்.